சோளகத்துக்குப் பழகிய கை

ஓர் அணியைப் பொறுப்பெடுத்த முதல் வாரத்திலேயே உங்களிடம் யாராவது கேட்பார்கள்: "இந்தமுறை கப் வருமோ?" அதிபர் கேட்பார், பஸ் நடத்துனர் கேட்பார், இலண்டனில் இருந்து பழைய மாணவி வீடியோவில் வந்து கேட்பார். கேட்பவர்களில் பாதிப்பேருக்குக் கூடைப்பந்தில் எத்தனை பேர் விளையாடுவார்கள் என்பதே தெரியாது. ஆனாலும் அவர்களுக்குப் பதில் வேண்டும். "பார்ப்போம்" என்றால் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்பார்கள். "வரும்" என்றால், வராத அன்று தேடிப் பிடித்து நினைவுபடுத்துவார்கள். நான் ஓய்வுபெறும்வரை ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன்: "பிள்ளையள் நல்லாச் சாப்பிடுகினம்." அதற்குமேல் ஒருவரும் கேட்டதில்லை.

நீங்கள் இப்போதுதான் உடற்கல்வி ஆசிரியர்களாக நியமனம் பெற்றுத் தீவுப் பகுதிப் பாடசாலைகளுக்குப் போகிறீர்கள். விதிமுறைகளும் பயிற்சி முறைகளும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் படித்த காலத்தில் இருந்த விதிகளில் பாதி இப்போது இல்லை. ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டு, ஓர் அணியைப் பற்றியும் ஓர் இடைவேளையைப் பற்றியும் சொல்கிறேன். அந்த இடைவேளையில் நான் ஒரு பிள்ளையிடம் ஒன்று கேட்டேன். கேட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரியான காரியம் லேசாக இருக்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருந்தால், அதை மறந்துவிடுங்கள்.

ஊர்காவற்றுறைப் பக்கத்து மகளிர் கல்லூரி ஒன்று. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. கடலைப் பார்த்தபடி ஒரு சீமெந்துத் தளம், அதன் இரு முனைகளிலும் வளையங்கள். ஒரு முனை வளையம் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. எனவே எங்கள் எறிதல் பயிற்சி முழுக்க மற்ற வளையத்தில்தான் நடந்தது. அணி என்று சொல்ல ஐந்து பேர், வெளியே கதிரையில் இன்னும் இரண்டு பேர். சனம் வெளியேறித் தீவுகளில் வீடுகள் பூட்டிக் கிடக்கும்போது பிள்ளைகளுக்கு எங்கே போவது? பட்டணத்து அணிகள் ஆளை மாற்றி மாற்றி இறக்குவார்கள். நாங்கள் தண்ணீர்ப் போத்தலைத்தான் மாற்றலாம்.

எங்கள் பிள்ளைகள் எல்லாரும் வலைப்பந்தில் இருந்து வந்தவர்கள். தீவகத்தில் பெண்பிள்ளை பந்தைத் தொட்டால் அது வலைப்பந்துதான். அதில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்த இடத்தில் நின்று, உடனே இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும். அதனால் பந்து கொடுப்பதில் எங்கள் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. பட்டணத்து அணிகள் பந்தைத் தட்டி வருபவளைச் சுற்றி வளைத்துப் பழகியவை. எங்களில் ஒருத்தியும் தட்டி வராததால் யாரை வளைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். இது எங்கள் பலம்.

பலவீனமும் அதே இடத்தில் இருந்துதான் வந்தது. வலைப்பந்தில் எதிராளியின் கையில் பந்து இருந்தால் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. கூடைப்பந்தில் அப்படி இல்லை, முகத்துக்கு நேரே போய் நிற்கலாம். எங்கள் பிள்ளைகளோ எதிராளியிடம் பந்தைக் கண்டதும், சாமி வீதிவலம் வரும்போது விலகுவதுபோல மரியாதையாக விலகி நின்றார்கள். முதல் சிநேகபூர்வ ஆட்டத்தில் எதிரணிப் பிள்ளை ஒருத்தி, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று நினைத்துப் பந்தை எறியாமலே வைத்துக்கொண்டு நின்றாள். நேரம் கடந்துவிட்டது என்று நடுவர் விசில் ஊதிப் பந்தை எங்களுக்குத் தந்தார். அன்று எங்களுக்குக் கிடைத்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

"கிட்ட நில்லுங்கோ" என்று கத்திப் பார்த்தேன். தலையாட்டினார்கள், அடுத்த பந்துக்கு மறுபடி விலகினார்கள். அவர்களுக்கு விதி தெரியும், உடம்புக்குத்தான் தெரியாது. கடைசியில் சோடி சோடியாக நிறுத்தி, ஒருத்தியின் சட்டை விளிம்பை மற்றவள் பிடித்தபடியே விளையாட விட்டேன். சில வாரம் சட்டைகள் கிழிந்தன, தாய்மார் என்னைத் திட்டினார்கள், பிள்ளைகள் கிட்ட நிற்கப் பழகினார்கள். உடம்பு படித்ததைச் சொல்லால் மாற்ற முடியாது என்பதை அப்போதே கண்டுகொண்டேன். வேறொரு வேலையைக் கொடுத்துத்தான் மாற்றலாம், அதற்கு நாள் பிடிக்கும்.

இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி ஜெனிற்றா, நெடுந்தீவுப் பிள்ளை. வார நாட்களில் வேலணையில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாள், வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் படகேறிப் போவாள். கடல் கடுமையாக இருந்தால் திங்கட்கிழமைப் பயிற்சிக்கு அவள் இல்லை, அவ்வளவுதான். நல்ல உயரம். கதை குறைவு. வளையத்தின் கீழே அவள் கைக்குப் பந்து எட்டினால் பின்பலகையில் சாய்த்து உள்ளே போட்டுவிடுவாள். ஆனால் எட்டச் செய்ய வேறொருத்தி வேண்டும்.

அந்த வேறொருத்திதான் மதுரா, அணித் தலைவி, புங்குடுதீவில் இருந்து காலைப் பஸ்ஸில் வருகிறவள். தூரத்தில் நின்று எறிவதில் அவளைப்போல் ஒரு பிள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை. அந்த வருடம் அவளுக்குக் கடைசி வருடம். தெற்கில் பெரியப்பா கடை வைத்திருந்தார். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் மதுரா அங்கே வந்து கடையைப் பார்க்கட்டும் என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. அவளுக்கோ விளையாட்டுத் துறையில் படித்து உங்களைப்போல் ஆசிரியராக வர வேண்டும். மாகாணத் தெரிவு அணியில் பெயர் வந்தால் மேற்கொண்டு படிக்கவிடுவேன் என்று தகப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் கடை. இதை அவள் என்னிடம் சொன்ன விதம், நாளைக்கு மழை வருமோ என்று கேட்பதுபோல் சாதாரணமாக இருந்தது. சாதாரணமாகச் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தாளோ என்னவோ.

வலய மட்டத்தில் வென்றோம். அடுத்த கட்டங்களிலும் தட்டுத்தடுமாறி வென்றோம். எல்லாம் திறந்த மைதானங்கள். அது சோளகக் காலம். தென்மேற்கில் இருந்து வரும் அந்தக் காற்று தீவுகளில் மாதக்கணக்கில் ஓயாது. பந்து பிசகினால் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பந்தைப் பார்ப்போம். மாகாண இறுதி ஆட்டம் மட்டும் பெருநிலத்தில், ஒரு புதிய உள்ளரங்கில் வைத்திருந்தார்கள். வழவழப்பான தரை, மேலே கூரை, வரிசையாக விளக்குகள். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டுமோ என்று வாசலில் நின்று கேட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் மூன்று கதிரைகளில் மாகாண அணித் தெரிவாளர்கள் இருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. மதுராவின் முதல் பந்து வளையத்தில் மோதி வெளியே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்குப் பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்த அதிபர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, ஆனால் பதற்றம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கை போய்விடும்.

"ரீச்சர், பிள்ளை பயந்திட்டுது. அவளை வெளியிலை எடுங்கோ."

"கொஞ்சம் பொறுங்கோ, மிஸ்."

"எப்பிடிப் பொறுக்கிறது? அங்கை இருந்து பாத்துக்கொண்டிருக்கினம். அவளுக்கும் மானக்கேடு, எங்களுக்கும் மானக்கேடு."

நானோ, பந்து எங்கே மோதுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புதியவர்களே, இதைக் கேளுங்கள். பயந்தவள் எல்லாப் பக்கமும் பிசகுவாள். ஒன்று குறுகும், ஒன்று நீளும், ஒன்று எங்கோ போகும். மதுராவின் பந்துகள் எல்லாம் வளையத்தின் இடது விளிம்பில், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மோதின. அவள் மட்டுமல்ல, தூரத்தில் நின்று எறிந்த எங்கள் இன்னொரு பிள்ளையின் பந்தும் அதே விளிம்புக்குத்தான் போனது. பயம் தொற்றும்தான், ஆனால் இவ்வளவு ஒழுங்காகத் தொற்றாது.

அப்போதுதான் அரங்கின் மூலையில் கட்டியிருந்த கொடிகளைக் கண்டேன். ஒன்றும் அசையவில்லை. எங்கள் தளத்தில், நாங்கள் எறியும் அந்த ஒரே வளையத்துக்கு முன்னால், சோளகம் இடப்பக்கமாக வந்து பந்தை வலப்பக்கம் தள்ளும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் அதற்கு ஈடாகக் கையளவு இடப்பக்கம் பார்த்து எறியப் பழகியிருந்தார்கள். அங்கே காற்று பந்தைத் திருப்பிக் கொண்டுவந்து வளையத்துக்குள் போட்டது. இங்கே அதைத் திருப்பிக் கொண்டுவர யாரும் இல்லை.

இடைவேளை விசில் ஊதியபோது சில புள்ளிகள் பின்னால் நின்றோம். மதுரா நேரே என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"ரீச்சர், என்னை எடுத்து விடுங்கோ. என்ரை கை இண்டைக்குச் சரியில்லை."

அவளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனேன். மற்றவர்கள் கேட்க வேண்டிய கதை இல்லை அது.

"உன்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. இஞ்சை காத்து இல்லை. நீ காத்துக்கும் சேத்து எறியிறாய்."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். ஆளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப நான் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி எறியட்டோ?"

இந்த இடத்தில் தலையாட்டிவிடுவதுதான் சுகம். பிள்ளைக்கும் சந்தோஷம், பயிற்சியாளருக்கும் சந்தோஷம். ஆனால் சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடிய வாரங்கள் எனக்கு நினைவிருந்தன. கையை யோசிக்க வைத்தால் அது முதலில் இன்னும் மோசமாகும், பிறகுதான் சரிவரும்.

"எறியலாம். பந்து கனக்க எறிஞ்சால் கை திரும்பும். அதுக்குள்ளை ஆட்டம் எங்கடை கையை விட்டுப் போயிடும்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"எறியாதை. எறியப்போறவள் மாதிரி நில். நீ இவ்வளவு தூரம் வந்ததிலை என்ன செய்தனி எண்டு எதிரணிக்குத் தெரியும். உன்னை விட்டு விலக மாட்டினம். ரெண்டு பேர் உன்னட்டை வருவினம். வந்த உடனை ஜெனிற்றாவுக்குக் குடு."

அவள் எதிர்ப்பக்கத்துக் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவையள் இருக்கினம், ரீச்சர்."

"தெரியும்."

"நான் எறியாட்டி என்ரை பேர் வராது."

"ஓம். வராது. ஏலாதெண்டு நீ சொன்னால் நான் வேறை வழி பாப்பன். ஆனால் வெல்லுறதுக்கு எனக்கு இதுதான் வழியாத் தெரியுது."

இந்த உண்மையை நான் அவளுக்குச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். "ஜெனிற்றாவுக்குக் குடு" என்று கட்டளை போட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். எங்கள் பிள்ளைகள் சொல் தட்டாதவர்கள். பிறகு பெயர் வராதபோது ஏன் என்று விளங்காமலே வீட்டுக்குப் போயிருப்பாள். ஓர் அணி வெல்வதற்கு யாரோ ஒருத்தி எதையோ கொடுக்க வேண்டியிருந்தால், கொடுக்கப்போவது என்ன என்பதைக் கொடுப்பதற்கு முன்பே அவளுக்குச் சொல்லுங்கள். அவள் மாட்டேன் என்று சொல்வதற்கும் இடம் வையுங்கள்.

மதுரா குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாகக் கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். எழும்பும்போது, "ஜெனிற்றா இடப்பக்கம் நிண்டால் எனக்கு வசதி. அவளுக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

அதிபர் அம்மாவுக்கு இது விளங்கவில்லை. "அவளை ஏன் திருப்பி இறக்குறீங்கள்?" என்று கேட்டார். "பந்து குடுக்க" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டார், அவ்வளவு கோபம்.

இரண்டாம் பாதியில் மதுரா ஒரு பந்துகூட எறியவில்லை. தூக்குவாள், கண்ணால் வளையத்தைப் பார்ப்பாள், இரண்டு பேர் அவள் மேல் பாய்வார்கள். பந்து அவர்களின் கைக்குக் கீழாகவோ காதுக்குப் பக்கமாகவோ போய் ஜெனிற்றாவிடம் நிற்கும். ஜெனிற்றா பலகையில் சாய்த்துப் போடுவாள். மறுபடி அதே. பார்க்கிறவர்களுக்கு நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தியே ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போவதுபோல் தெரிந்தது. கூட்டம் அவள் பெயரைக் கத்தத் தொடங்கியது. படகில் ஒன்றாக வருகிறவர்கள் யாரோ வந்திருந்தார்கள் போலும், நெடுந்தீவுக்குக் கப் போகிற மாதிரியே கத்தினார்கள்.

முடிவதற்குச் சற்று முன்னர் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. எதிரணிக்கு விஷயம் பிடிபட்டு எல்லாரும் ஜெனிற்றாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மதுரா தனியே நின்றாள். சுற்றிலும் ஒருவரும் இல்லை. தெரிவாளர்களின் கதிரைகள் நேர் எதிரே. கூட்டம் முழுக்க "எறி, எறி" என்றது. அதிபர் அம்மாவும் எழும்பி நின்று "எறி பிள்ளை" என்றார். அவள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். எறிந்திருந்தால் நான் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால், எறியட்டும் என்று ஒரு கணம் நானும் விரும்பினேன்.

அவள் பொறுத்தாள். தூக்கிய கையைப் பார்த்துவிட்டு, ஜெனிற்றாவைச் சூழ்ந்தவர்களில் ஒருத்தி மதுராவை நோக்கி ஓடி வந்தாள். அந்த ஒருத்தி விலகிய இடைவெளியால் பந்து போனது. ஜெனிற்றா அதைப் போட்டாள். பிறகு எதிரணியின் கடைசிப் பந்துக்கு எங்கள் பிள்ளைகள் மூக்கோடு மூக்காக ஒட்டி நின்றார்கள், அது உள்ளே போகவில்லை. வென்றோம்.

ஆட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் மாகாணத் தெரிவுக்கான பெயர்களை வாசித்தார்கள். ஜெனிற்றாவின் பெயர் முதலில் வந்தது. மதுராவின் பெயர் வரவில்லை. நான் அந்தக் கதிரைகளுக்குப் போய், அந்தப் பிள்ளை பந்து கொடுத்த விதத்தைக் கவனித்தீர்களா என்று கேட்டேன். மூவரில் மூத்தவர் நாகரிகமான மனிதர். "நல்ல பிள்ளை, ரீச்சர். ஆனால் பிற்பாதியிலை ஒரு புள்ளியும் இல்லையே. முற்பாதியிலை எறிஞ்சது ஒண்டும் போகவும் இல்லை" என்றார். உள்ளே காற்று இல்லை என்ற கதையை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தோற்ற பயிற்சியாளர்கள் சொல்லும் காரணங்கள் அவர் நிறையக் கேட்டிருப்பார்; வென்ற ஒருத்தி வந்து காரணம் சொன்னது அவருக்குப் புதிதாக இருந்திருக்கும். பெயர்களைக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு வாகனம் ஏறினார்கள்.

பின்னால் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேசிய மட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம். மதுராவின் தகப்பன் சொன்ன சொல்லில் நின்றார். பரீட்சை முடிந்ததும் அவள் பெரியப்பாவின் கடைக்குப் போனாள். இலண்டன் பழைய மாணவி கப்போடு நின்று படம் எடுத்து அனுப்பச் சொன்னார், எடுத்து அனுப்பினோம். உங்கள் வேலையை மற்றவர்கள் அந்தப் படத்தைக் கொண்டுதான் அளப்பார்கள். அதில் எனக்குக் குறையில்லை, கப் எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அன்று பின்னேரம் அரங்கைவிட்டு வெளிக்கிடும்போது ஓர் ஆள் குறைந்தது. பிள்ளைகள் எல்லாரும் பஸ்ஸில் ஏறிப் பாட்டு எடுத்துவிட்டார்கள், மதுராவைக் காணவில்லை. உள்ளே போனேன். காவலாளி கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் தனியாக நின்று எறிந்துகொண்டிருந்தாள். பந்து இடது விளிம்பில் மோதும், ஓடிப்போய் எடுத்து வருவாள், எறிவாள். பிறகு வலப்பக்கம் கூடிப் போனது. பிறகு குறுகியது. கோபமாக எறிகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, ஒரு கணக்கைச் செய்து பார்ப்பவள் மாதிரித்தான் நின்றாள். "பஸ் நிக்குது பிள்ளை" என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போது ஒன்று வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும்.

அவள் திரும்பி, வாசலில் நின்ற என்னைக் கண்டாள்.

"ரீச்சர், இப்ப விழுகுது. பாருங்கோ."

பஸ்காரர் வெளியே ஹோர்ன் அடித்தார். நான் காவலாளி அடுக்கியதில் இருந்து ஒரு கதிரையை இழுத்து, தெரிவாளர்கள் இருந்த இடத்தில் போட்டு, இருந்து பார்த்தேன்.